சீனியர் ரெஸ்யூமேவில் உங்க பேரு!

"மத்தியானத்துக்குள்ள இந்த இருநூறை அறுபதாக் குறைச்சுக் கொடுத்துடுங்க!"

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நடந்த கேம்பஸ் இன்டர்வியூ. ஆள் எடுக்க வந்த நிறுவனத்துக்கு ஒத்தாசையாகப் போய் உட்கார்ந்த எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை இது. ஷோரூமில் பில்லிங், கொஞ்சம் கணக்கு, கஸ்டமர்களோடு பேச்சு... இதற்குத்தான் ஆட்கள் தேவை. சம்பளம் ஆஹா ஓஹோன்னு சொல்ல முடியாது. ஆனா, முதல் வேலை தேடற பி.காம்., பி.பி.ஏ. மாணவர்களுக்கு மோசமில்லாத ஆரம்பம்.

முதல் ரெஸ்யூமேவை எடுத்தேன். 'அப்ஜெக்டிவ்' என்று தலைப்பு போட்டு, 'சவால்கள் நிறைந்த சூழலில் என் திறமைகளை முழுமையாகப் பயன்படுத்தி, நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும்...' என்று ஆங்கிலத்தில் ஒரு நீள வாக்கியம். பரவாயில்லையே, பையன் நல்லா எழுதறானே என்று நினைத்துக்கொண்டு இரண்டாவதை எடுத்தால், அதே வாக்கியம். மூன்றாவதிலும் அதே. பத்தாவதுக்கு வந்தபோதுதான் கவனித்தேன், அந்த வாக்கியத்தில் இருந்த ஸ்பெல்லிங் மிஸ்டேக்கும் எல்லாவற்றிலும் அச்சு அசல் அதே!

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது இன்னொன்று. கடைசிப் பக்கத்தில் 'மேலே சொன்னவை அனைத்தும் உண்மை என்று உறுதியளிக்கிறேன்' என்ற டிக்ளரேஷன். அதற்குக் கீழே ஒரு பெயர். மேலே இருந்ததோ வேறு பெயர்! பிளேஸ்மென்ட் பொறுப்பில் இருந்த பேராசிரியரிடம் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டார். கீழே இருந்தது, முந்தைய பேட்ச்சில் படித்து முடித்துப் போன சீனியரின் பெயராம்.

ஆக, அத்தனை பேருக்கும் ஒரே தாய் ரெஸ்யூமே. எந்த வருஷமோ எந்த புண்ணியவானோ டைப் அடித்த ஃபைல், ஹாஸ்டலில் ரூம் ரூமாகக் கைமாறி, பென் டிரைவில் இருந்து வாட்ஸ்அப்புக்குக் குடியேறி, பெயரும் மார்க்கும் மட்டும் மாறி மாறி என் மேஜைக்கு வந்திருக்கிறது. பிரவுசிங் சென்டர் அண்ணன் கம்ப்யூட்டரிலும் இப்படி ஒரு தாய் ஃபைல் நிச்சயமா இருக்கும். என்ன, அதில் சுற்றிலும் பூ பார்டர் எக்ஸ்ட்ரா!

அன்னிக்கு நான் தள்ளி வைத்த கட்டில் ஒரு பையனோட ரெஸ்யூமேவும் இருந்தது. மெயில் ஐடி-யில் தலயும் 143-யும் இருந்ததைத் தவிர அதில் ஞாபகம் வெச்சுக்க எதுவுமே இல்லை. அவன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஏழு செகண்ட்!

நம்ம ரெஸ்யூமேவை ஒருத்தர் எவ்வளவு நேரம் பார்ப்பார்? 'தி லேடர்ஸ்' என்ற அமெரிக்க வேலைவாய்ப்பு நிறுவனம், ஆள் எடுப்பவர்களின் கண் எங்கெங்கே போகிறது என்று கருவி வைத்து அளந்து பார்த்தது. 2012-ல் கிடைத்த விடை 6 விநாடி. 2018-ல் மறுபடி அளந்தபோது 7.4 விநாடி. முதல் பார்வைக்கு அவ்வளவுதான். பிடித்திருந்தால்தான் இரண்டாவது பார்வை.

முதலில் எனக்கு இது அநியாயமாகப் பட்டது. மூன்று வருஷப் படிப்பை ஏழு செகண்டில் எடை போடுவதா? ஆனா, அன்னிக்கு எழுபதாவது ரெஸ்யூமேவுக்கு வந்தபோது நானே அஞ்சு செகண்டுக்கு இறங்கிட்டேன். அலட்சியம் இல்லை பாஸ். வரிசையாக ஒரே இட்லியைச் சாப்பிட்டால் நாக்குக்கு உப்பு, உறைப்பு எதுவும் தெரியாது பாருங்க, அந்த மாதிரி.

அந்த ஏழு செகண்டில் கண் முதலில் விழும் மேல் பாகத்தைத்தான் நாம் அப்ஜெக்டிவுக்குத் தாரை வார்க்கிறோம். எனக்கு என்ன வேணும் என்று சொல்லும் வாக்கியம் அது. ஆள் தேடுபவருக்கோ தனக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

இந்த விஷயத்தில் ஒரு கில்லாடி இருந்தார். சுமார் 1482-ல், முப்பது வயதில், மிலன் நகரத்தை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதினார். எதிரியைத் துரத்திப் போகத் தோதான, எடை குறைந்த பாலம் கட்டத் தெரியும். கோட்டைகளைத் தகர்க்கத் தெரியும். பீரங்கி செய்யத் தெரியும். உள்ளே ஆட்கள் பத்திரமாக இருக்க, எதிரி படைக்குள் புகுந்து போகிற மூடிய வண்டிகள் செய்யத் தெரியும். இப்படியே பாயின்ட் பாயின்ட்டாகப் போகும் அந்தக் கடிதத்தின் கடைசியில்தான் போனால் போகிறதென்று சிற்பமும் ஓவியமும் வருகின்றன. எழுதியவர் லியனார்டோ டாவின்ச்சி! மோனலிஸாவைத் தொடுவதற்கு இன்னும் இருபது வருஷம் இருந்தது என்றாலும், அப்போதே அவர் தேர்ந்த ஓவியர். ஆனா, சண்டைக்குத் தயாராக இருக்கும் ஒரு பிரபுவுக்கு அவசரமாகத் தேவை பாலமா, படமா? அதைப் புரிந்துகொண்டு எழுதியிருக்கிறார் மனுஷன். கடிதம் இன்றும் மிலனில் பத்திரமாக இருக்கிறது.

வங்கிக்கும் பி.பி.ஓ-வுக்கும் ஜவுளிக்கடைக்கும் ஒரே ஃபைலை அனுப்பும் நம்மை அவர் பார்த்தால் என்ன நினைப்பார்?

ராசி, நட்சத்திரம் மட்டும்தான் பாக்கி!

அப்பா பெயர், அப்பா தொழில், பிறந்த தேதி, பாலினம், மதம், சமூகம், திருமணம் ஆகவில்லை, நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி... கூடவே, ஸ்டுடியோவில் நீல பேக்கிரவுண்டில் எடுத்த போட்டோ. வேலைக்கான ரெஸ்யூமேவா, தரகரிடம் கொடுக்க வேண்டிய ஜாதகமா என்று சந்தேகமே வந்துவிடும்.

அரசு வேலை விண்ணப்பத்தில் இட ஒதுக்கீடு, வயது வரம்பு எல்லாம் இருக்கின்றன. அங்கே சமூகமும் பிறந்த தேதியும் கட்டாயம். அந்தப் படிவத்தைப் பார்த்தே வளர்ந்ததால் தனியார் வேலைக்கும் அதையே எழுதுகிறோம். இங்கே அது தேவையில்லை என்பது மட்டுமல்ல, நமக்கே எதிராகத் திரும்பலாம். சுக்தேவ் தோரட், பால் அட்வெல் என்ற இரு ஆய்வாளர்கள், இந்தியாவில் தனியார் நிறுவனங்களின் பத்திரிகை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரி தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் இன்டர்வியூ அழைப்பு குறைவாகவே வந்தது. 2007-ல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி'யில் வெளியான ஆய்வு இது. பெயரை மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம். ஆனா கேட்காத விவரத்தை நாமே ஏன் எடுத்து நீட்டணும்?

ஆதார் நம்பரையும் பான் நம்பரையும் எழுதுபவர்களுக்கு ஒரு கொட்டு. உங்க ரெஸ்யூமே எந்த இன்பாக்ஸுக்கெல்லாம் போகிறது என்பது உங்களுக்கே தெரியாது. 'உங்களை செலக்ட் பண்ணிட்டோம், ரிஜிஸ்ட்ரேஷனுக்குப் பணம் கட்டுங்க'ன்னு போன் செய்யும் மோசடிக்காரர்களுக்கு இதெல்லாம் அல்வா. பெயர், போன் நம்பர், மெயில் ஐடி, ஊர். போதும்.

அதே வேகத்தில் 'ஹாபீஸ்' பகுதியையும் ஒரு பார்வை பாருங்க. பாட்டு கேட்பது, டி.வி. பார்ப்பது, கிரிக்கெட். தமிழ்நாட்டில் இந்த மூன்றும் செய்யாதவர் யார்? மாவட்ட அளவில் கிரிக்கெட் ஆடியிருந்தால் எழுதுங்க. ஹாஸ்டல் மொட்டை மாடி கிரிக்கெட்டெல்லாம் கணக்கில் வராது. 'வீக்னஸ்: எல்லாரையும் எளிதில் நம்பிவிடுவேன்' என்பது எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அன்னிக்கு மட்டும் ஒரு டஜன் பேர் நம்பி ஏமாந்திருந்தார்கள்!

"இதெல்லாம் போய் எழுதுவாங்களா சார்?"

சாயங்காலம் வேலை முடிந்து, கல்லூரிக்கு எதிரே இருந்த பேக்கரியில் டீ குடிக்க ஒதுங்கினேன். கல்லாவில் ஒரு பையன். ஒரு கையால் பில் போட்டுக்கொண்டே, பால்காரர் பாக்கியை நோட்டில் வரவு வைத்துக்கொண்டு, பார்சலுக்கு வந்த டெலிவரி தம்பியிடம் ஆர்டர் நம்பர் கேட்டுக்கொண்டிருந்தான். நடுவில் ஒருத்தர் போனைக் காட்டிவிட்டு நகர, "அண்ணே, இது நேத்து அனுப்பினது... டைமைப் பாருங்க" என்றான் சிரித்துக்கொண்டே. அவரும் அசடு வழிந்தபடி மறுபடி ஸ்கேன் செய்தார். சண்டை இல்லை, சத்தம் இல்லை.

முகத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அந்த நீல பேக்கிரவுண்ட் போட்டோ! மெயில் ஐடி-யில் தலயும் 143-யும். காலையில் நான் தள்ளி வைத்த கட்டில் இருந்த அதே பையன்.

"தம்பி, எவ்வளவு நாளா இங்கே வேலை பார்க்கறே?"

"ரெண்டு வருஷமா சார். காலேஜ் முடிஞ்சதும் வந்துடுவேன். ராத்திரி பத்து மணிக்குக் கணக்கு முடிச்சுட்டுக் கிளம்புவேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை பில்?"

"முந்நூறு இருக்கும் சார். மழைன்னா நானூறு தாண்டும். டீயும் பஜ்ஜியும் பறக்கும்ல!"

"கல்லாவுல துண்டு விழுமா?"

"ஆரம்பத்துல ரெண்டு மூணு தடவை. இப்போ ஒரு வருஷமா இல்ல சார்."

"ரெஸ்யூமேல இதை ஏம்ப்பா எழுதல?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "இதெல்லாம் போய் எழுதுவாங்களா சார்? டீக்கடை சார் இது."

எனக்குச் சுருக்கென்றது. பில் போட, கணக்கு முடிக்க, கஸ்டமரோடு முகம் சுளிக்காமல் பேச ஆள் தேடித்தான் அந்த நிறுவனம் வந்திருந்தது. இருநூறு பேரில் இந்த மூன்றையும் ரெண்டு வருஷமா தினமும் செய்கிற ஒருத்தன் இருந்திருக்கிறான். அவனோட பேப்பரில் அது மட்டும் இல்லை. 'ஹார்டு ஒர்க்கிங்' என்று இருந்தது. 'பாசிட்டிவ் ஆட்டிட்யூட்' இருந்தது. 'ஃப்ரெஷர்' என்றுகூட இருந்தது! நான் தள்ளிவிட்டேன். லிஸ்ட் மத்தியானமே போய்விட்டது. போன் போட்டுச் சொல்லிப் பார்த்தேன். 'முடிஞ்சு போச்சு சார், அடுத்த தடவை பார்க்கலாம்' என்றார்கள். அதில் என் தப்பும் இருக்கிறது.

அந்தக் கல்லூரி மாணவர்களில் பாதிப் பேருக்காவது இப்படி ஒரு எழுதாத பக்கம் இருந்திருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். லீவு விட்டால் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் செக்கிங் பார்ப்பவர். முகூர்த்த நாளில் கேட்டரிங் பந்தியை மேய்க்கும் கேங் லீடர். தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து அந்தக் காசில் செமஸ்டர் ஃபீஸ் கட்டும் பெண். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கி இன்று தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களை எடுத்துக்கங்க. அம்மா உறுப்பினராக இருப்பார். தீர்மான நோட்டும் சேமிப்பு, கடன் கணக்கும் எழுதுவது எத்தனையோ வீடுகளில் காலேஜ் படிக்கும் மகள்தான். வங்கி வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவள் அதை எழுதுவாளா? 'அம்மாவுக்கு ஹெல்ப் பண்ணினேன், அது வேலையா?' என்பாள்.

வேலைதான்! கூச்சம் நம்முடையது. வறுமையைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பயம். கோட் சூட் போட்ட வார்த்தைகளுக்கு நடுவில் பேக்கரி எப்படி நிற்கும் என்ற தயக்கம். வீட்டிலேயே ரெஸ்யூமே பார்த்து வளர்ந்த பையனுக்கு இந்தத் தயக்கம் இருக்காது. அவன் அப்பாவோட நண்பர் ஆபீஸில் பத்து நாள் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்ததையே 'இன்டர்ன்ஷிப்' என்று எழுதுவான்.

அந்தப் பேக்கரி பில் பேப்பரைத் திருப்பி, பின்பக்கத்தில் இருவரும் சேர்ந்து எழுதினோம். 'கேஷியர், பகுதி நேரம், பேக்கரி, 2 வருடம். தினமும் சுமார் 300 பில். ரொக்கம், யு.பி.ஐ. இரண்டும். இரவில் கல்லாக் கணக்கு முடித்தல். பால், பிரெட் சப்ளையர்களுக்கு வாரக் கணக்கு செட்டில் செய்தல்.' அவ்வளவுதான். 'கடின உழைப்பாளி' என்ற வார்த்தையே அதில் இல்லை. தேவையும் இல்லை.

எண் இருந்தால் எண்ணை எழுதுங்க. 'எக்செல் தெரியும்' என்பதைவிட, 'வீ-லுக்கப், பிவட் டேபிள் போடத் தெரியும்'. 'டேலி' என்பதைவிட, 'டேலியில் ஜி.எஸ்.டி. பில் என்ட்ரி போட்டிருக்கிறேன்'. 'என்.எஸ்.எஸ். உறுப்பினர்' என்பதைவிட, அந்த ஏழு நாள் முகாமில் நீங்க என்ன செய்தீங்க? சாப்பாட்டுக் கணக்கு பார்த்தீங்களா, ரத்த தானத்துக்கு ஆள் திரட்டினீங்களா? அதைச் சொல்லுங்க. டெம்ப்ளேட்டில் வரும் 'எக்செல் 75 சதவிகிதம்' என்ற வண்ணக் கோடு எனக்குப் புரிந்ததே இல்லை. மீதி 25 எங்கே போச்சு?

இல்லாததை எழுதினால்...

உள்ளதை மறைப்பது ஒரு பக்கம் என்றால், இல்லாததைச் சேர்ப்பது இன்னொரு பக்கம். 'மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட் ரெடி பண்ணித் தர்றோம்' என்று ஆசை காட்டும் கன்சல்டன்சிகள் உண்டு. வேலை கிடைக்காமல் அலைகிறபோது சபலம் வருவது மனுஷ இயல்பு. ஆனா கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க.

2014-ல் இருந்து பி.எஃப். உறுப்பினருக்கு யு.ஏ.என். என்ற ஒரே எண். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீங்க, எப்போது விலகினீங்க என்பது அதில் வரிசையாக இருக்கும். மூன்று வருஷம் வேலை பார்த்ததாகச் சொல்பவருக்குப் பி.எஃப். கணக்கில் ஒரு மாசம்கூட இல்லை என்றால் முதல் கேள்வியே அதுதான். ஐ.டி. துறைக்கு, 2006-ல் நாஸ்காம் முயற்சியில் தொடங்கிய நேஷனல் ஸ்கில்ஸ் ரெஜிஸ்ட்ரி என்ற விவரப் பதிவேடு வேறு இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனுக்கென்றே தனி ஏஜென்சி வைத்திருக்கின்றன. அது முடிவதற்குள் நீங்க சேர்ந்துவிடலாம், முதல் மாசச் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவைகூட எடுத்துக் கொடுத்துவிடலாம். மூன்றாவது மாசம் ஐ.டி. கார்டைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்வார்கள். போலி ஆவணத்தை அசல் என்று காட்டுவது குற்றமும்கூட. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 340-வது பிரிவு.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. யாஹூவின் தலைமைப் பொறுப்புக்கு 2012 ஜனவரியில் வந்தவர் ஸ்காட் தாம்சன். கணக்கியலோடு கம்ப்யூட்டர் சயின்ஸும் படித்ததாக அவருடைய குறிப்பில் இருந்தது. படித்ததோ கணக்கியல் மட்டும். மே மாசமே வெளியேற வேண்டியதாயிற்று. இதைவிடப் பரிதாபம் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் மாணவர் சேர்க்கைக்கே டீனாக இருந்த மேரிலீ ஜோன்ஸ் கதை. 1979-ல் வேலையில் சேர வாங்காத பட்டங்களை வாங்கியதாக எழுதினார். நல்ல பெயர், உயர்ந்த பதவி எல்லாம் வந்தது. 2007-ல் உண்மை வெளியே வந்து ராஜினாமா செய்தார். இருபத்தெட்டு வருஷம் கழித்து! அந்த வருஷங்களில் அவருக்கு ஒரு ராத்திரியாவது நிம்மதியான தூக்கம் வந்திருக்குமா?

அரியர் விஷயத்துக்கும் இதே கணக்குதான். 'ஸ்டாண்டிங் அரியர்' என்றால் இன்னும் பாக்கி இருப்பது. 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்' என்றால் எழுதி முடித்தது. படிவத்தில் எதைக் கேட்கிறார்கள் என்று படித்துவிட்டுப் பதில் சொல்லுங்க. பாஸ் செய்த மாசமும் வருஷமும் மார்க் ஷீட்டிலேயே இருக்கும்போது மறைத்து என்ன பயன்? படிப்பு முடித்து ஒரு வருஷம் சும்மா இருந்த மாதிரி தெரிகிறதே என்று தேதிகளை இழுத்து ஒட்டாதீங்க. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-வுக்குப் படித்தேன் என்றால் அதை அப்படியே எழுதலாம். நம்ம ஊரில் அதைப் புரிந்துகொள்ளாத ஹெச்.ஆர். யாரும் இருக்க மாட்டார்.

அப்புறம் புராஜெக்ட். சென்டரில் காசு கொடுத்து வாங்கிய புராஜெக்டை அரைப் பக்கத்துக்கு எழுதி வைப்பதுபோல் ஆபத்து வேறில்லை. 'இதில் உங்க பங்கு என்ன?' என்று ஒரே ஒரு கேள்வி... முடிந்தது கதை. நாலு பேர் டீமில் நீங்க செய்தது ரிப்போர்ட் டைப் செய்தது மட்டும்தான் என்றால், அதை மட்டும் எழுதுங்க. டாக்குமென்டேஷன் என்ற பெயரில் அதற்கும் மரியாதை உண்டு.

புது சீனியர்!

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, சீனியரிடம் ஃபைல் கேட்கும் வேலை மிச்சம். ஆனா நிலைமை மாறியதா? 'ரிசல்ட்ஸ்-டிரிவன்', 'டைனமிக்', 'பேஷனேட்' என்று இப்போது எல்லா ரெஸ்யூமேவும் ஒரே குரலில் பேசுகின்றன. அந்தக் காலத்து அப்ஜெக்டிவாவது ஒரு காலேஜுக்குள்தான் சுற்றியது. இது உலகம் பூரா சுற்றுகிறது! ஆங்கிலத்தைத் திருத்த உதவி கேளுங்க, தப்பே இல்லை. ஆனா பேக்கரிக் கல்லா அதற்குத் தெரியாது. நீங்க சொன்னால்தான் உண்டு.

இன்னொரு விஷயம். பெரிய நிறுவனங்களில் உங்க ரெஸ்யூமேவை முதலில் படிப்பது சாஃப்ட்வேராக இருக்கலாம். இரண்டு பத்தி டிசைன், டேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ், ஐகான் எல்லாம் பார்க்க ஜோராக இருக்கும். சாஃப்ட்வேர் அதைக் கட்டம் தாண்டிப் படித்து, உங்க காலேஜ் பெயரைக் கம்பெனி பெயரோடு கலந்துவிடும். பிரின்ட்டை போட்டோ எடுத்து பி.டி.எஃப். ஆக்கி அனுப்புவது இன்னும் மோசம், அதில் படிக்க எழுத்தே இருக்காது. சாதாரண எழுத்து, ஒரே பத்தி, ஒரு பக்கம் போதும். கடைசியாகப் படித்தது முதலில் வரட்டும். பத்தாம் வகுப்பில் ஆரம்பித்து டிகிரிக்கு வந்து சேர்வதற்குள் ஏழு செகண்ட் முடிந்துவிடும். வெள்ளைப் பேப்பரில் வெள்ளை எழுத்தில் விளம்பரத்து வார்த்தைகளை ஒளித்து வைக்கும் தில்லாலங்கடி வேலை வேண்டாம். சாஃப்ட்வேர் எழுத்தை மட்டும் பிரித்துக் காட்டும்போது குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஸ்பெல் செக்கர் இருக்க பயம் ஏன் என்கிறீர்களா? ஆங்கிலத்தில் 'மேனேஜர்' என்று எழுதும்போது நடுவில் ஒரு 'ஏ'-வை விட்டுப் பாருங்க. மாட்டுக்குத் தீனி போடும் தொட்டி ஆகிவிடும். அதுவும் சரியான வார்த்தை என்பதால் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடாது. பிரின்ட் எடுத்து, நண்பரிடம் கொடுத்து, ஏழு செகண்ட் எண்ணிவிட்டுப் பிடுங்கிக்கொள்ளுங்க. என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்க. 'நீல போட்டோ' என்றால் மறுபடி உட்கார வேண்டியதுதான். 'ஃபைனல் ஃபைனல் 3' என்று இருக்கும் ஃபைல் பெயரை மாற்றி உங்க பெயரை வைப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அந்தப் பையனுக்கு ரெண்டு வாரம் கழித்து போன் செய்தேன். ரிங் போவதற்குப் பதில் குத்துப்பாட்டு காதைக் கிழித்தது. பின்னால் பேக்கரி சத்தத்தோடு எடுத்தான்.

"சார்! வேற ஒரு கம்பெனியில நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க சார். அந்த பில் பேப்பர்ல எழுதினதை அப்படியே டைப் பண்ணிட்டேன். மெயில் ஐடி-யும் மாத்திட்டேன் சார்."

"அந்த காலர் ட்யூன்?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை.

"அது மட்டும் இருக்கட்டுமே சார்..."